சாத்தம் கவுண்டியில் இரண்டு ஏக்கர்: டேங்க் அப்புறம், முதலில் மண்

கேள்வி: வட கரோலினாவில் கேரி ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நாங்கள் இருவரும், இரண்டு பிள்ளைகளும். பக்கத்து சாத்தம் கவுண்டியில், ஜோர்டான் ஏரிப் பக்கமாக 2 ஏக்கர் நிலம் பார்த்திருக்கிறோம். 4 படுக்கையறை வீடு கட்ட ஆசை. அங்கே சாக்கடை இணைப்பும் இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை. செப்டிக்கும் போர்வெல்லும் நாங்களே போட வேண்டும். விற்பவர் "பெர்க் டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்று ஒரு பழைய காகிதத்தைக் காட்டுகிறார். வருடத்தில் ஆறு மாதம் அப்பா அம்மா வந்து இருப்பார்கள். கோவில்பட்டிக்காரரான அப்பா, "நம்ம வீட்டு டேங்க் கட்டி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட எடுத்ததில்ல. இதுக்குப் போயி ஏன் இவ்வளவு பயப்படுற" என்கிறார். எந்த டேங்க் வாங்கலாம்? எப்படிப் பராமரிப்பது? மேலே தோட்டம் போடலாமா? கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஊருக்குப் போகும்போது டேங்க்குக்கு என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

எந்த டேங்க் என்பதில் நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 4 படுக்கையறை வீட்டுக்கு இந்த மாநில விதிப்படி குறைந்தது 1,000 கேலன், அதாவது சுமார் 3,800 லிட்டர் கொள்ளும் டேங்க் வேண்டும், பெரும்பாலும் கான்கிரீட். உள்ளே இரண்டு அறை இருக்கும். மாநிலம் ஒப்புதல் கொடுத்த எண் அதன் மேல் பதிந்திருக்கும். லாரியில் கொண்டுவந்து ஒரே நாளில் இறக்கிவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 2 ஏக்கரில் எந்த இடத்து மண், தினமும் எவ்வளவு கழிவுநீரைக் குடிக்கும்? இதற்குப் பதில் தெரியாமல் நிலத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டேங்க் கழிவைச் சுத்தம் செய்வதில்லை. கனமானதை அடியில் தங்கவைக்கும், எண்ணெயையும் கொழுப்பையும் மேலே மிதக்கவைக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் நீரை வெளியே அனுப்பும். அந்த நீரில் கிருமி அப்படியே இருக்கும். அது டிரெயின் ஃபீல்டு என்ற பள்ள வரிசைகளுக்குப் போய், அங்கிருந்து மண்ணில் மெதுவாக இறங்கும்போதுதான் உண்மையான சுத்திகரிப்பு நடக்கிறது. காற்றோட்டமுள்ள, தண்ணீர் தேங்காத மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அதனால்தான் பள்ளத்தின் அடிக்கும், அதற்குக் கீழே தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கும் அல்லது பாறைக்கும் இடையில் குறைந்தது 12 அங்குலம் நல்ல மண் இருக்க வேண்டும் என்று இங்கே விதி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் நிலம் இருக்கும் பக்கத்தைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கவலைதான். சாத்தம் கவுண்டி ஒரே மாதிரி மண் அல்ல. மேற்கே சைலர் சிட்டி பக்கம் பழைய எரிமலைப் பாறை சிதைந்து உண்டான மண். அங்கே சில இடங்களில் நல்ல ஆழமான செம்மண் கிடைக்கும், சில இடங்களில் இரண்டடிக்குள் பாறை தட்டும். கிழக்கே ஜோர்டான் ஏரியைச் சுற்றி, கேரி, ஏபெக்ஸ், டர்ஹம் வரை போவது டிரயாசிக் படுகை, அதாவது பழங்கால வண்டல் படிந்த தாழ்நிலம். அங்கே வொய்ட் ஸ்டோர், கிரீட்மூர் என்று பெயர் வைத்திருக்கும் களிமண்கள் உண்டு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அப்பாவிடம் "நம்ம கரிசக்காடு மாதிரி" என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். மழைக்காலத்தில் கரிசலில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நனைந்ததும் களி உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் எங்கேயும் போகாது. இந்த மண்ணில் வழக்கமான டிரெயின் ஃபீல்டுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். படுகை முழுவதும் அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. ஒரே நிலத்தில் மேட்டுப் பகுதி தேறும், நூறடி தள்ளி இருக்கும் தாழ்வு தேறாது. அதைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி அந்தப் பழைய காகிதம். "பெர்க் டெஸ்ட்" என்பது இந்த ஊர்ப் பேச்சுவழக்கு. குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கடிகாரம் பார்க்கும் பழைய முறையின் பெயர் அது. வட கரோலினாவில் இப்போது அந்த முறை கிடையாது. மழையில்லாத மாதத்தில் பார்த்தால் ஒரு விடை, பிப்ரவரியில் பார்த்தால் வேறு விடை என்று வரும் சோதனை அது. இப்போது செய்வது மண் மதிப்பீடு. கவுண்டி சுகாதாரத் துறையின் சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து அதிகாரி வருவார், அல்லது உரிமம் பெற்ற தனியார் மண் வல்லுநரை நீங்களே அழைக்கலாம். ஆகர் என்ற திருகு துளைக்கருவியால் துளை போட்டோ, பேக்ஹோ என்ற மண்வெட்டும் இயந்திரத்தால் குழி வெட்டியோ மண்ணை அடுக்கடுக்காகப் பார்ப்பார்கள். ஒரு பிடி மண்ணை நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாக இழுத்துப் பார்ப்பார்கள். நாடா எவ்வளவு நீளம் உடையாமல் வருகிறதோ அவ்வளவு களி. அப்புறம் நிறம். நல்ல சிவப்பு, பழுப்பு என்றால் அந்த மண்ணில் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் வருடத்தில் ஒரு பகுதி அங்கே தண்ணீர் நிற்கிறது. கோடையில் காய்ந்து கிடந்தாலும் அந்தச் சாம்பல் நிறம் பொய் சொல்லாது.

அதனால் விற்பவரிடம் "பாஸா" என்று கேட்காதீர்கள். காகிதத்தின் தலைப்பைப் பாருங்கள். "இம்ப்ரூவ்மென்ட் பெர்மிட்" என்று இருந்தால், அதாவது இந்த மண்ணில் செப்டிக் போடலாம் என்ற அனுமதியாக இருந்தால், அதற்கு மதிப்பு உண்டு. அப்போதும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். எத்தனை படுக்கையறைக்கு, நிலத்தின் எந்த மூலையில், எந்தத் தேதியில் என்று. இந்த பெர்மிட் பொதுவாக 5 வருடத்துக்குத்தான் செல்லும். சர்வேயர் அளந்த பிளாட் வரைபடத்தோடு கொடுத்ததென்றால் காலாவதி இல்லை. ஆனால் அந்த இடத்தில் பிறகு மண்ணை வெட்டியிருந்தாலோ, மேடு நிரப்பியிருந்தாலோ, மரம் இழுக்கிற வண்டி ஓட்டியிருந்தாலோ காகிதம் நின்றாலும் மண் நிற்காது. 3 படுக்கையறைக்கு வாங்கிய பெர்மிட்டை வைத்து 4 படுக்கையறை கட்டவும் முடியாது. பிட்ஸ்பரோவில் இருக்கும் கவுண்டி அலுவலகத்தில் அந்த நிலத்தின் கோப்பைக் கேளுங்கள். முன்பு யாராவது விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருந்தால் அதுவும் கோப்பில் இருக்கும். விற்பவர் சொல்லாமல் விட்டது அங்கே கிடைக்க வாய்ப்பு நிறைய.

நிலம் வாங்கும் ஒப்பந்தத்தில் இந்த மாநிலத்துக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது, ட்யூ டிலிஜென்ஸ் காலம், அதாவது நிலத்தைச் சோதித்துப் பார்க்கும் அவகாசம். அந்தக் காலத்துக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். அதற்காக விற்பவருக்குக் கொடுக்கும் கட்டணம் மட்டும் திரும்ப வராது. புது ஆட்கள் பலர் அவசரத்தில் இரண்டு வாரம் போட்டுவிடுகிறார்கள். மண் மதிப்பீட்டுக்கு அது போதாது. மழை பெய்தால் தள்ளிப்போகும், கவுண்டியில் வரிசை இருக்கும். கட்டணத்தைக் குறைத்து, காலத்தை நீட்டிக் கேளுங்கள். அதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால், நானாக இருந்தால் அந்த நிலத்தை விட்டுவிடுவேன்.

2 ஏக்கர் பெரிதாகத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இங்கே ஒரு படுக்கையறைக்கு நாளுக்கு 120 கேலன் என்று கணக்கு. உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று பொதுவாகப் பார்ப்பதில்லை, அறையைத்தான் எண்ணுவார்கள். 4 அறைக்கு 480 கேலன், சுமார் 1,800 லிட்டர். களிமண்ணுக்கு ஒரு சதுர அடியில் நாளுக்கு 0.3 கேலன் இறங்கும் என்று வல்லுநர் குறித்தார் என்று வைத்துக்கொள்வோம். 480-ஐ 0.3-ஆல் வகுத்தால் 1,600 சதுர அடி. அது பள்ளத்தின் அடிப்பரப்பு மட்டும். பள்ளம் 3 அடி அகலம் என்றால் மொத்த நீளம் 533 அடி. ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்த பள்ளத்தின் நடுவுக்கு 9 அடி விட வேண்டும். ஆக 4,800 சதுர அடி நிலம். இதோடு முடியவில்லை. முதல் டிரெயின் ஃபீல்டு (இனி சுருக்கமாக வயல்) என்றாவது ஓய்ந்துபோனால் மாற்றுவதற்கு அதே அளவு தேறும் மண்ணை ரிப்பேர் ஏரியா என்று ஒதுக்கி வைக்க வேண்டும். மொத்தம் 9,600 சதுர அடி, நம் ஊர்க் கணக்கில் 22 சென்ட். அந்த எண் 0.2 ஆகிவிட்டால் 33 சென்ட். சரிவில் இதைச் சமமட்டக் கோட்டை ஒட்டித்தான் போட முடியும் என்பதால் நினைத்த வடிவத்துக்கு மடங்காது. பிளாஸ்டிக் சேம்பர் போன்ற சில வகைகளுக்குப் பள்ள நீளத்தைக் கால்வாசி குறைக்க விதி இடம் தருகிறது, அது கொஞ்சம் ஆறுதல்.

இதற்கு மேல் தூரக் கணக்குகள். போர்வெல்லிலிருந்து 100 அடி, எல்லைக் கோட்டிலிருந்து 10 அடி, ஓடை குளத்திலிருந்து 50 அடி. பக்கத்து வீட்டுக்காரர் போர்வெல்லும் இதில் சேர்த்தி. அவர் எல்லை ஓரமாகப் போட்டிருந்தால் உங்கள் நிலத்தில் ஒரு பெரிய அரைவட்டம் போய்விடும். எனவே வீட்டை எங்கே வைப்பது என்று கட்டடக்காரரோடு உட்காருவதற்கு முன்பே டிரெயின் ஃபீல்டுக்கும் போர்வெல்லுக்கும் இடம் முடிவாகியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வீட்டை அழகான மேட்டில் வரைந்துவிடுகிறார்கள். அந்த மேடுதான் அந்த நிலத்திலேயே தேறிய ஒரே மண்ணாக இருக்கும்.

மண் சுமார்தான் என்று வந்தால் உடனே சோர்ந்துபோக வேண்டாம். வயல் மேட்டில் இருந்தால் பம்ப் டேங்க் வைத்து ஏற்றலாம். மெல்லிய குழாய்களில் குறைந்த அழுத்தத்தில் அளவாக விடும் முறை இந்த மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே வளர்த்தெடுத்தது. அதற்கும் மேலே போனால், சின்ன சுத்திகரிப்பு இயந்திரம் வைத்து, சொட்டுநீர்க் குழாயால் மேல்மண்ணில் விடும் முறை. இவை வேலை செய்யும். ஆனால் செலவு வழக்கமான முறையைவிடப் பல மடங்கு போகலாம். அதோடு உரிமம் பெற்ற ஆபரேட்டர் ஒருவர் ஒப்பந்த அடிப்படையில் வந்து பார்க்க வேண்டும், அந்தச் செலவு வீடு இருக்கும்வரை உண்டு. நிலத்தின் விலை சந்தையைவிடக் குறைவாக இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். அந்தக் கூடுதல் செலவை நிலத்தின் விலையில் கழித்துப் பேரம் பேசுங்கள்.

சரி, மண் தேறியது, வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுமான அனுமதி என்று செப்டிக்குக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டும், அது கையில் இல்லாமல் வீட்டுக்கான பில்டிங் பெர்மிட் கிடைக்காது. சான்று பெற்ற இன்ஸ்டாலரைத்தான் வைக்க வேண்டும். விலை கேட்கும்போது இரண்டு பேரிடமாவது இடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், போனிலேயே விலை சொல்பவரை விட்டுவிடுங்கள்.

டிரெயின் ஃபீல்டு வீணாகும் முதல் சந்தர்ப்பம் வீடு கட்டும் காலம்தான், நீங்கள் குடிபோவதற்கு முன்பே. செங்கல் லாரி, கான்கிரீட் லாரி, மரக்கட்டை அடுக்கு எல்லாம் வந்து நிற்பது அந்தச் சமதளத்தில்தான். ஈரக் களிமண் மேல் ஒரு லாரி நான்கு தடவை போய்வந்தால் இடுக்குகள் நசுங்கிவிடும். அதை யாராலும் திரும்ப உண்டாக்க முடியாது. வேலை தொடங்கும் அன்றே வயலையும் ரிப்பேர் ஏரியாவையும் கம்பம் நட்டு, ஆரஞ்சு வலை கட்டி மறித்துவிடுங்கள். கட்டடக்காரரோடு போடும் ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாக எழுதுங்கள். ஏழெட்டு வருடத்தில் செத்துப்போன பல வயல்களுக்கு நான் காரணம் தேடியிருக்கிறேன், பாதிக்கு மேல் இந்த லாரித் தடத்தில்தான் போய் நிற்கும்.

பள்ளம் வெட்டும் நாளும் முக்கியம். மண் ஈரமாக இருக்கும்போது வெட்டினால் பக்கெட்டின் இரும்பு, களியைத் தேய்த்துப் பளபளவென்று மெழுகிவிடும். அந்த மெழுகுப் பரப்பு வழியாகத் தண்ணீர் போகாது. மண்ணை உருட்டிப் பார்த்தால் கயிறாகத் திரிகிறது என்றால் அன்று வெட்டக் கூடாது. நல்ல இன்ஸ்டாலர் தானே தள்ளிவைப்பார். அவசரப்படுத்துவது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். மூடுவதற்கு முன் கவுண்டி அதிகாரி வந்து பார்ப்பார். அன்று லீவு போட்டுவிட்டுப் போய், டேங்க், குழாய், ஒவ்வொரு பள்ளம் எல்லாவற்றையும் வீட்டு மூலையிலிருந்து டேப் பிடித்து அளந்து படம் எடுத்து வையுங்கள். டேங்க் மூடிகள் தரைமட்டம் வரை வரும்படி ரைசர், அதாவது மூடியை உயர்த்தும் உறை, போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் புல்லைத் தோண்டித் தேட வேண்டும், தேட வேண்டுமே என்று தள்ளிப்போடுவீர்கள். ரைசர் மூடிக்குத் திருகு பூட்டு அவசியம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது பொய்யில்லை. நம் ஊரில் பல வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்வது, அடியில் பூசாத தொட்டி அல்லது உறை இறக்கிய குழி. உள்ளே போகும் தண்ணீர் அடி வழியாகவே இறங்கிப் போய்விடும். நிறைவதில்லை, எனவே எடுப்பதில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று, பக்கத்துக் கிணற்றில் என்ன கலந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. குடிதண்ணீர் வேறு எங்கிருந்தோ குழாயில் வந்தால் அது தெரியவும் தெரியாது. உங்கள் புது வீட்டில் அந்த 2 ஏக்கருக்குள்ளேயே கழிவும் இறங்கும், அதே 2 ஏக்கருக்குள்ளிருந்துதான் குடிக்கவும் எடுப்பீர்கள். பக்கத்து ஜோர்டான் ஏரியிலிருந்துதான் கேரிக்கும் ஏபெக்ஸுக்கும் குடிதண்ணீர் போகிறது, இன்று நீங்கள் குடிப்பதும் அதுதான். இங்கே டேங்க் ஒழுகாத தொட்டி. கசடு உள்ளேயே சேரும். எடுக்காமல் விட்டால் ஒரு நாள் அது வழிந்து வயலுக்குள் போய்ப் பள்ளங்களை அடைக்கும். டேங்க் எடுக்கச் சில நூறு டாலர், வயலை மாற்றப் பல ஆயிரம் டாலர். கணக்கு இவ்வளவுதான்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். டேங்க்குக்குள் யாரும், எதற்காகவும் இறங்கக் கூடாது. நம் ஊரில் இதற்குள் மனிதர்களை இறக்கி எத்தனை உயிர் போயிருக்கிறது என்று அவருக்கும் தெரியும். 2013-இல் சட்டமே போட்டுத் தடுத்தும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. மூடியைத் திறந்து தலையை உள்ளே நீட்டினாலே ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைச் சாய்த்துவிடும்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது? 3 முதல் 5 வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. 1,000 கேலன் டேங்க்கில் இரண்டு பேர் என்றால் ஆறு வருடம் தாங்கும். நான்கு பேர் என்றால் இரண்டரை வருடம், ஆறு பேர் என்றால் ஒன்றரை வருடம். நீங்கள் பாதி வருடம் நான்கு பேர், பாதி வருடம் ஆறு பேர். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எடுக்கும்போது கசடு எவ்வளவு உயரம் என்று அளந்து ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதைப் பார்த்து அடுத்த தேதியைக் கூட்டலாம் குறைக்கலாம். கட்டும்போதே 1,250 அல்லது 1,500 கேலன் டேங்க் போட்டுவிட்டால் இந்த இடைவெளி நீளும். கூடுதல் விலை அவ்வளவு பெரிதில்லை, உங்கள் குடும்பத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். எடுக்க வருபவர் இரண்டு அறைகளையும் பெரிய மூடி வழியாக எடுக்க வேண்டும். சின்னத் துளை வழியாகக் குழாயை விட்டு மேல்தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். வெளிப்போக்கில் இருக்கும் ஃபில்டரையும் அப்போதே கழுவி மாட்டச் சொல்லுங்கள். இடையில் வருடம் ஒருமுறை நீங்களே கையுறை போட்டு அதை எடுத்து, டேங்க்குக்குள்ளேயே விழும்படி ஹோஸால் அடித்துக் கழுவலாம்.

கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடி, ஈஸ்ட் எதுவும் வேண்டாம். தேவையான பாக்டீரியா தினமும் தானாகவே போய்ச் சேர்கிறது.

நம் சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இங்கே கிடைக்கும் கையேடுகளில் இது இருக்காது. வடை சுட்ட எண்ணெய் சிங்க்கில் போகக் கூடாது என்பது தெரிந்ததே. பலர் கவனிக்காதது மாவு. கிரைண்டர் கழுவிய தண்ணீர், இட்லிப் பாத்திரம் ஊறவைத்த தண்ணீர், வடித்த கஞ்சி எல்லாம் நல்ல கனமான மாவுச்சத்து. சாம்பார் அடி, புளிச் சக்கை, தேங்காய்ச் சக்கை, டீத்தூள், கறிவேப்பிலை எல்லாம் டேங்க்கில் சீக்கிரம் கரையாது. சிங்க்கில் மெல்லிய கண் வடிகட்டி ஒன்று போட்டு, சக்கையைக் குப்பைக்கோ உரக்குழிக்கோ தள்ளுங்கள். கிரைண்டரை முதலில் வழித்து, முதல் கழுவலை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத் தேயுங்கள். கட்டடக்காரர் கார்பேஜ் டிஸ்போசல் போட்டுத் தருவதாகச் சொல்வார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது குப்பையைக் காணாமல் செய்யவில்லை, அரைத்து உங்கள் டேங்க்குக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். கழிவறையில் நம் வழக்கப்படி தண்ணீர் பயன்படுத்துவது நல்லதே, காகிதம் குறையும். "ஃப்ளஷ் செய்யலாம்" என்று அட்டையில் போட்டு விற்கும் ஈரத் துடைப்பான் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாது.

தண்ணீர் அளவும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து லோடு துணி துவைத்தால் டேங்க்கில் படிய வேண்டியது படிவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். தினம் ஒரு லோடு போடுங்கள். பொங்கலுக்கோ பிள்ளைகள் பிறந்தநாளுக்கோ ஐம்பது பேர் வருகிறார்கள் என்றால் ஒரு தற்காலிகக் கழிவறையை வாடகைக்கு எடுத்து வெளியே நிறுத்துங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கூரைத் தண்ணீர் எந்தக் காலத்திலும் வயல் பக்கம் திரும்பக் கூடாது. 2025 ஜூலையில் சாண்டல் புயல் மழையில் ஹா ஆறு கரை மீறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது மாதிரி நாட்களில் மண்ணே நிரம்பிக் கிடக்கும், குளியல், துவையலைத் தள்ளிப்போடுங்கள். பயந்துபோய் உடனே டேங்க்கைக் காலி செய்யவும் கூடாது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது காலி டேங்க் மேலே மிதந்து குழாயை முறித்துவிடும். பம்ப் வைத்த முறை என்றால் மின்சாரம் இல்லாத நேரம் முழுவதும் தண்ணீரை எண்ணி எண்ணித்தான் விட வேண்டும்.

தோட்டம்: வயலின் மேல் புல் மட்டும். கீரை, கத்தரி, வெங்காயம் எதுவும் வேண்டாம், கீழே கிருமி உள்ள நீர். மண் கொட்டிப் பாத்தி கட்டி மேலே போடலாமே என்று தோன்றும், அதுவும் கூடாது. மண் ஏற ஏற கீழே காற்று குறையும். மேப்பிள், வில்லோ போன்ற மரங்களை வெகு தூரத்தில் வையுங்கள், வேர் தண்ணீரைத் தேடி வந்துவிடும். முருங்கையும் கறிவேப்பிலையும் இந்தக் குளிருக்கு எப்படியும் தொட்டியில்தான். ரிப்பேர் ஏரியா சும்மா கிடக்கிறதே என்று நீச்சல் குளம், ஷெட், பாஸ்கெட்பால் தளம் எதுவும் கட்ட வேண்டாம். காய்கறி வளர்க்க 2 ஏக்கரில் வேறு இடம் கிடைக்கும், தேறிய மண் வேறு கிடைக்காது.

எப்போது போன் செய்ய வேண்டும்? கீழ்த்தளக் குழாயில் களகள சத்தம், ஷவர் தண்ணீர் மெதுவாக இறங்குவது, வறண்ட மாதத்திலும் வயலில் ஒரு கீற்று மட்டும் கரும்பச்சையாக இருப்பது, கால் வைத்தால் சதசதப்பு, வாடை. இதில் எது வந்தாலும் முதலில் டேங்க்கைத் திறந்து ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், பல சமயம் அதோடு முடிந்துவிடும். வயலே நிரம்பியிருந்தால் கவுண்டிக்குச் சொல்லி ரிப்பேர் பெர்மிட் வாங்க வேண்டும், ரகசியமாகக் குழாயை ஓடைக்குத் திருப்பிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போர்வெல் தண்ணீரை வருடம் ஒருமுறை கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் சோதித்துவிடுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது டேங்க்குக்கு என்ன செய்வது என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு வாரத்தில் அதில் எதுவும் செத்துப்போகாது. கிளம்பும்போது வீட்டின் மெயின் வால்வை மட்டும் மூடிவிடுங்கள். ஒழுகும் ஃப்ளஷ் ஒன்று நாளுக்கு 200 கேலன் வரை விடும். ஆள் இல்லாத வீட்டில் அது ஆறு வாரம் ஓடினால், திரும்பி வந்து பார்க்கும்போது வயல் ஊறிப்போய் இருக்கும்.